ஒன்பதாம் நாள் பருப்பு

— அந்தத் தாளிப்புக் கரண்டிய எறக்கி வை வள்ளித்தாய்.

— வாங்க மதினி. வந்ததும் வராததுமா ஏன் நிக்கிறீக? இங்கன உக்காருங்க.

— நான் உக்கார வரல. நேத்தும் தாளிச்சியாம்ல? கடுகு பொரியுற சத்தம் தெருவரைக்கும் கேட்டுச்சாம். எழவு விழுந்த வீட்டுல பதினாறு நாளைக்குத் தாளிக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?

— எழவு விழுந்த வீடுன்னு யாரு சொன்னது?

— யாரு சொல்லணும்? விஸ்வநத்தத்துல பட்டாசு ஆபீஸ் மருந்து ரூம் வெடிச்சு இன்னைக்கு ஒம்பது நாளு. எந்தம்பி அந்த ரூமுக்குள்ளதான வேல பாத்தான்.

— செத்தது ஏழு பேரு. நாலு பேருக்குத்தான் அடையாளம் தெரிஞ்சிருக்கு. மிச்ச மூணு பேரு யாருன்னு பாக்கத்தான் பிள்ளைககிட்ட ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காக. முந்தாநாளு தாளிக்காத பருப்ப ஒரு தூக்குவாளி கொண்டாந்து வச்சீகளே, அத நான் தொடவே இல்ல.

— ஆசப்பட்டா கொண்டாந்தேன்? அவன இடுப்புல தூக்கி வளத்தவதான் நானு.

— தெரியும் மதினி.

— பிள்ளைக எங்க?

— பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டேன். அருணாதேவிக்கு கணக்குப் பரீட்ச. நாலரைக்கு ரெண்டு பேரும் வந்துருவாக.

— இந்த நேரத்துல பரீட்ச ஒண்ணுதான் கேடு.

— வீட்டுல இருந்தா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்குதுக. அந்த மத்த எடுத்துக் குடுங்க, பருப்பு கடையணும்.

— குடு, நானே கடையுறேன். பூண்டு எம்புட்டுப் போட்ட?

— பத்துப் பல்லு.

— முனியராசு என் தட்டுல கெடக்குற பூண்டையும் பொறுக்கித் திம்பான். கல்யாணமாகி நீ வந்த பெறகுதான் என் தட்டுப் பக்கம் வராம இருந்தான்.

— ம்.

— ஏத்தா, எனக்கும் ஒண்ணு தோணிக்கிட்டேதான் இருக்கு. தீயோட வெக்க தாங்காம அவன் வெளிய வந்திருக்கலாம்ல? வெடிச்ச அதிர்ச்சியில புத்தி கலங்கி எங்கயாவது போயிருக்கலாம்ல? மல்லாங்கிணறு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் பேரு ஊரு சொல்லத் தெரியாம உக்காந்திருக்கானாம். பக்கத்து வீட்டுத் தங்கச்சாமி யாரோ பேசக் கேட்டுட்டு வந்து சொன்னான். அத ஒங்கிட்டச் சொல்லவும் பயம், சொல்லாம இருக்கவும் முடியல.

— கருவேப்பிலைய உருவிக் குடுங்க மதினி.

— இந்தா. நீ செஞ்சதுதான் சரி. முடிவு வராம நாமளே அவன ஏன் சாகடிக்கணும்? கரண்டிய அடுப்புல வையி. எண்ணெ நல்லாவே ஊத்து. எவளாவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.

— சரி.

— நாளைக்கு மொத பஸ்ஸுக்கே மல்லாங்கிணறு போயிருவோம். அவன் சட்ட ஒண்ணு எடுத்து வச்சுக்க, என்ன கோலத்துல இருக்கானோ. இந்தா, கடுகு பொரிஞ்சு அடங்கிருச்சு, வத்தல் கருகுது. பருப்புல கொட்டாம ஏன் கரண்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?

— காலையிலேயே போன் வந்துருச்சு மதினி. அந்த மூணுல ஒண்ணு அவுகதான். அப்பன் இருக்கிற பிள்ளைகளா அதுக இன்னும் ஒரு நேரம் சாப்பிட்டுக்கிடட்டும், அதுவரைக்கும் நீங்க அழுதுறாதீக.