கார்டுலயும் மூணு, வீட்டுலயும் மூணு

அந்த ரேஷன் கார்டைப் பாத்து எழுதாதீங்க டீச்சர். மூடி வைங்க. எங்கம்மா படுத்தபடியே எடுத்துக் குடுத்துட்டாங்களா? தலகாணிக்கு அடியிலதான் வச்சிருப்பாங்க. நீங்க வந்தது எனக்குக் கேக்கல, பின்கட்டுல பரண் மேல ஏறியிருந்தேன். நீங்க கேளுங்க, நான் வாயால சொல்றேன்.

உக்காருங்க. இதுவா? குடை. இப்பதான் இறக்கினேன், ஒட்டடைகூடத் துடைக்கல. கதவுக்குப் பின்னாடி சாத்தி வைக்கிறேன். ஆமா, அழகான குடைதான். இளம்பச்சை, ஓரத்துல வெள்ளை லேசு. எங்கப்பா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தவரு. அவரு தம்பி பாரீஸ்லேருந்து அனுப்பினாரு. காரைக்கால்ல இதுமாதிரி இன்னொண்ணு நான் பாத்ததில்ல. இல்ல, பிடிக்கிறதில்ல. மூணு வருஷமா வெயில்லயேதான் போறேன். தெருவுல சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும்.

நேரமாகுதா? தெரியும் டீச்சர். பள்ளிக்கூடத்தையும் பாத்துக்கிட்டு, இந்த ஜனத்தொகைக் கணக்கும் எடுக்கணும். ஒரு வீட்டுல நாய், ஒரு வீட்டுல பூட்டு. நானும் இந்த வேலை பாத்தவதான். நெசமாத்தான் சொல்றேன். பி.காம் படிச்சேன், புள்ளியியல்ல எழுபத்தெட்டு மார்க்கு. பிரைமரி டேட்டா, செகண்டரி டேட்டா. நாமளே நேர்ல போயி, அந்தந்த ஆளைக் கேட்டு எழுதுனா முதல் ரகம். வேற யாரோ வேற எதுக்கோ எழுதி வச்சதை எடுத்துக்கிட்டா ரெண்டாவது ரகம். அதை எடுக்குறதுக்கு முன்னாடி யாரு எழுதுனது, எப்ப எழுதுனது, எதுக்கு எழுதுனதுன்னு கேக்கணும். பரீட்சையில ஒரு வரி விடாம எழுதுனேன்.

இருங்க, மோர் கொண்டாரேன். வேணாமா? சரி.

எழுபத்தேழு ஆகஸ்ட்டு. ஒரு கம்பெனி இங்க ஐஸ் பேக்டரி போடலாமான்னு பாத்துச்சு. எந்தக் குப்பத்துல எத்தனை வீடு, எத்தனை ஆளு, எத்தனை படகுன்னு எடுக்கணும். எனக்குச் சங்குமேட்டுக் குப்பம். கையில படிவக் கட்டு, முதல் வேலை, அவ்வளவு சந்தோஷம் எனக்கு. போனா, ஆம்பளைங்க கடல்ல, பொம்பளைங்க மார்க்கெட்டுல. மணல் செருப்பைத் தாண்டிச் சுடுது. ஆறு வீடு எழுதினேன். அதோட திரும்பிட்டேன்.

எனக்கு மேலதிகாரியா பூமிநாதன் சார்னு ஒருத்தரு. கெட்டவரு இல்ல. ஏம்மா இப்படிக் காயிற, ரேஷன் கடை ரிஜிஸ்தர்ல எல்லாக் குடும்பமும் இருக்கே, உக்காந்து எழுதிட்டு வாயேன்னாரு. மறுநாள் மின்விசிறிக்கு அடியில உக்காந்து மிச்சம் அம்பத்தஞ்சு வீட்டையும் ஒரே மத்தியானத்துல முடிச்சேன். அறுபத்தோரு வீடு, முன்னூத்திப் பன்னண்டு பேரு.

சிரிப்பு வருதா உங்களுக்கு? இதைக் கேளுங்க. படிவம் எல்லாம் புதுசா, மொடமொடன்னு இருந்துச்சு. யாராவது கண்டுபிடிச்சுடுவாங்கன்னு பாதிய நீல மையில எழுதினேன், பாதிய கறுப்பு மையில. நாலு தாளைக் கசக்கி நீவி விட்டேன். செருப்புல ஒட்டிக்கிட்டு வந்த மணலைத் தட்டி அது மேல தேச்சேன். கம்பெனிக்காரரு கையில வாங்குனப்ப மணல் உதிந்துச்சு. வேகாத வெயில்ல நல்லா உழைச்சிருக்கீங்கன்னு சொன்னாரு. தலையாட்டினேன்.

அந்த ரிஜிஸ்தர்ல கருப்பையன்னு ஒருத்தரு பேரு. ஆளு செத்து ரெண்டு வருஷம். நான் எழுதுன ஆறு வீட்டுல ஒரு வீடு அவரோடது, அந்தம்மா தாலி இல்லாமதான் வந்து கதவைத் திறந்துச்சு. ஆனா சர்க்கரை வாங்குற எடத்துல அவரு உசுரோட இருக்காரு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். செத்தவரு இருந்தா, இருக்கறவங்க விட்டுப் போயிருப்பாங்கல்ல?

விட்டுத்தான் போயிருந்தாங்க. குப்பத்துக்குத் தெக்கால, சவுக்குத்தோப்பு தாண்டி, முகத்துவாரத்துக்கிட்ட பதினாலு கீத்துக்குடிசை. கருவாட்டு வேலைக்கு வெளியூர்லேருந்து வந்தவங்க. சீசன் முடிஞ்சும் ஊருக்குப் போவல. அவங்க கார்டெல்லாம் அவங்கவங்க ஊர்ல. இங்க எந்த நோட்டுலயும் பேரு கிடையாது. அவங்களுக்குப் படகும் இல்ல. படகில்லாதவன் ஐஸ் வாங்கப் போறானா, எழுதாட்டி என்னன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

ஐஸ் பேக்டரி வரவே இல்ல டீச்சர். அந்தக் காகிதம் மட்டும் எங்கெங்கயோ போச்சு.

நவம்பர்ல புயல். நீங்க அப்ப இங்கதான இருந்தீங்க? அப்ப உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அன்னிக்கு மத்தியானமே சர்க்கார்ல ஜனங்களை மேட்டுக்குக் கொண்டாரணும்னு லாரி அனுப்பினாங்க. எந்தக் குப்பத்துக்கு எத்தனை லாரின்னு யாருக்குத் தெரியும்? புதுசா எடுத்த கணக்குன்னு கையில இருந்தது ஒண்ணுதான். என்னோடது. கம்பெனிகிட்டேருந்து வாங்கி வச்சிருந்தாங்க. சர்க்கரைக்கு எழுதுனதை நான் ஐஸுக்கு எடுத்தேன். ஐஸுக்கு எடுத்ததை அவங்க உசுருக்கு எடுத்தாங்க. யாரு எழுதுனது, எதுக்கு எழுதுனதுன்னு அவங்களும் கேக்கல.

ரெண்டு லாரி வந்துச்சு, நடை நடையா. பட்டியலைப் படிச்சுப் படிச்சு ஏத்துனாங்க. அறுபத்தோரு வீடும் ஏறியாச்சு, எல்லாம் சரியா இருக்குன்னு வண்டியைத் திருப்பிட்டாங்க. சவுக்குத்தோப்புக்கு அந்தாண்ட ஆளு இருக்குன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா?

தண்ணி வடிஞ்சப்புறம் அதே பட்டியலை வச்சு ஆளை எண்ணுனாங்க. காணாமப் போனவங்க இல்லைன்னு எழுதினாங்க. பொய் இல்ல டீச்சர். பட்டியல்ல இல்லாதவங்க எப்படிக் காணாமப் போக முடியும்?

சரி, கேளுங்க. வீட்டுல எத்தனை பேரா? மூணு. கார்டுல எத்தனை போட்டிருக்கு? அதுலயும் மூணுதான். பாத்தீங்களா, நீங்க அதைப் பாத்து எழுதியிருந்தாலும் கூட்டுத்தொகை சரியா வந்திருக்கும். ஒரு தப்பும் வெளிய தெரியாது. ஆளுதான் வேற. கார்டுல இருக்கறது எங்கப்பா ழூல், எங்கம்மா ரோசலி, அப்புறம் அனெத்துன்னு நான். அப்பா போய் அஞ்சு வருஷம் ஆச்சு. நான் அவரு பேரை அடிக்கல. அவரு பேருக்கு இன்னமும் சர்க்கரை வந்துக்கிட்டிருக்கு. இவ்வளவு பேசுறேன், அதையும் செய்யல.

மூணாவது ஆளு காசியம்மா. வயசு முப்பதுக்குள்ள இருக்கும். தெருக்குழாய்க்குப் போயிருக்கா, வந்துடுவா. உறவுமுறையா? அந்தக் கட்டத்துல என்னத்தை எழுதுவீங்க... உறவில்லைன்னே போட்டுக்கங்க. வேலைக்காரின்னு மட்டும் எழுதாதீங்க. நாங்க ஒண்ணாத்தான் சாப்பிடறோம்.

புயலுக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துல சோறும் துணியும் குடுத்தாங்க. நான் வீட்டுல இருக்க முடியாம அங்க போய் நின்னேன். ஒரு பொம்பளை வரிசையில வந்து முன்னாடி நிக்கிறா, கையெல்லாம் சவுக்குமரப் பட்டை கிழிச்ச காயம். பேரு சொல்றா. குமாஸ்தா பட்டியலைப் புரட்டிப் பாத்துட்டுத் தள்ளி நில்லும்மாங்கறாரு. அவளும் தள்ளி நின்னா. சண்டை போடல, அழல. ஒரு வேளை சோத்துக்குன்னு கூட்டிக்கிட்டு வந்தேன். இங்கயே இருந்துட்டா.

பிள்ளைங்களா? பிறந்தது எத்தனை, இருக்கறது எத்தனைன்னு அடுத்த கேள்வி. எனக்குப் பதில் தெரியும். ஆனா நான் சொல்ல மாட்டேன். அவளை நேர்ல கேட்டு எழுதுங்க. இதுவரைக்கும் அவ வாயால சொல்லி யாரும் எழுதினதில்ல.

போன வாரம் உங்க ஆளுங்க வந்து வாசச் சுவத்துல நம்பர் போட்டுட்டுப் போனாங்கல்ல? அன்னிக்குச் சாப்பிடறப்ப கேக்குறா: அக்கா, இந்தத் தடவை என்னையும் எழுதுவாங்களான்னு. ஏன்டி எழுதாமன்னேன். அதுக்குச் சொன்னா, அந்த வருசம் குப்பத்துக்கு ஒரு அம்மா எழுத வந்துச்சுக்கா, மூஞ்சி தெரியல, பச்சைக் குடை, ஓரத்துல பூப்பூவா வெள்ளைத் துணி, நான் பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டுத் தோப்பு ஓரத்துலேருந்து கத்துனேன், எங்களையும் எழுதிக்கங்கம்மான்னு. அது கையை ஆட்டி, நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போச்சு. வரல. பாவம், என்ன அவசரமோங்கறா.

பாவமாம்.

இந்தக் குடையைப் புயல் முடிஞ்ச கையோட பழம்புடவையில சுத்திப் பரண் மேல போட்டது. அவ கண்ணுல பட்டதே இல்ல.

குடம் வைக்கிற சத்தம் கேக்குது. வந்துட்டா. அந்தக் குடையை இப்படிக் குடுங்க டீச்சர், மேசை மேல வைக்கிறேன். இருக்கட்டும், குடுங்க.

வா காசியம்மா. எழுத வந்திருக்காங்க. ஆமா, உன்னையும்தான். ஈரக் கையைத் துடைச்சுட்டு இப்படி உக்காரு.

இல்ல, டீச்சரோடது இல்ல அது. என்னோடது.