‘யாரோட யாரு’ டீச்சர்

மேடையில் அமர்ந்திருக்கும் தாளாளர் அவர்களே, தலைமை ஆசிரியை அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் டீச்சரின் தம்பியே, சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, நான் விசில் ஊதினால் மட்டுமே வாயை மூடுகிற, இன்று விசில் இல்லாமலே அமைதியாக இருக்கிற என் பிள்ளைகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

பேசுகிறவர்கள் வரிசையில் நான் இல்லை. விளையாட்டு வாத்தியாருக்கு மேடையில் என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். நானாகத்தான் ஏறி வந்தேன். எனக்கு நயமாகப் பேச வராது, கத்தத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்களை எல்லாம் கேட்டேன். ஒருவர் ‘என் உயிர்த்தோழி’ என்றார். இன்னொருவர் ‘கூடப் பிறக்காத அக்கா’ என்றார். மூன்றாமவர் பேச முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடேயப்பா! இத்தனை உயிர்த்தோழிகள் இருந்த மனுஷி, ஏன் ஆய்வகத்தின் ஓர மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்? ஆசிரியர் அறையில் அவருக்கு ஒரு நாற்காலி இல்லாமல் போனது எப்படி? காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தவரைப் பார்க்க அந்தத் தம்பியையும் என்னையும் ஒரு தையல்காரர் குடும்பத்தையும் தவிர வேறு யார் வந்தீர்கள்? வந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். வேண்டாம், விடுங்கள்.

அவர் நம் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘யாரோட யாரு டீச்சர்’. ஏன் அந்தப் பெயர் என்று பெற்றோர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சொல்கிறேன்.

ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே அழைப்பார். மேஜையில் கை நிறையச் சட்டைப் பொத்தான்களைக் கொட்டுவார். “இதுதான் உங்க வகுப்பு. யாரு யாரோடன்னு வச்சுக் காட்டு” என்பார். பிள்ளை ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயரைச் சொல்லிக் கூட்டம் கூட்டமாக அடுக்கும். எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டிருக்கிறேன். “உனக்கு யார் ஃப்ரெண்டுன்னு கேட்டா குழந்தை மானத்துக்குப் பயந்து பொய் சொல்லும் சார். மத்தவங்களைப் பத்திக் கேட்டா பட்டு பட்டுன்னு சொல்லிடும். எனக்கு அந்தக் கூட்டமெல்லாம் முக்கியமில்ல. எங்க வைக்கிறதுன்னு தெரியாம கடைசில கையில மிஞ்சுது பாருங்க ஒரு பொத்தான், அந்தப் பிள்ளைதான் எனக்கு வேணும்” என்றார்.

அந்த மேஜையில் என்னவெல்லாம் கேட்டிருக்கிறேன், தெரியுமா! ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் இரண்டு பொத்தான்களை ஒட்டி வைத்தான்.

“இவங்க ரெண்டு பேரும் எப்படிடா ஃப்ரெண்ட்ஸ்?”

“ஒரே பெஞ்சு டீச்சர்.”

“நேத்து ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்களே?”

“அது நேத்து டீச்சர்!”

நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி பொத்தான்களுக்கு நடுவில் ஒரு விரல் இடம் விட்டாள். “இவ வீட்டுக்கு அவ போவா டீச்சர். அவ வீட்டுக்கு இவளைக் கூப்பிட மாட்டாங்க. அதனால பாதி ஃப்ரெண்டு” என்றாள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, வகுப்பில் பேசிக்கொண்டு யாரும் பார்த்திராத இரண்டு பேரைச் சேர்த்து வைத்தான். ஏன் என்று கேட்டதற்கு, “இவன் அன்னிக்கு அழுதான் டீச்சர். அவன் பார்த்துட்டான். ஆனா இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல” என்றான். வயது ஏற ஏற நட்புக்குப் பெஞ்சு போதவில்லை, வீடு போதவில்லை, வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒருவன் வேண்டியிருக்கிறது. இதைப் பொத்தானை வைத்துக் கண்டுபிடித்தவர் அவர்.

பிள்ளைகள் சொல்வதை எல்லாம் அவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டாரா? இல்லை. என் ஓட்டப்பந்தய வீரன் ஒருவன். வகுப்பில் அத்தனை பேரும் அவன் பொத்தானை நட்ட நடுவில் வைத்தார்கள், எல்லாரும் அவனுக்கு நண்பர்களாம். அவன் முறை வந்தபோது தன் பொத்தானை மேஜையின் விளிம்பில் வைத்தான். “ஜெயிச்சா தோள்ல தூக்குவாங்க டீச்சர். காலு உடைஞ்சு படுத்திருந்தப்ப ஒருத்தனும் வரல” என்றான். அன்று சாயங்காலமே டீச்சர் அவன் வீட்டுக்குப் போனார்.

இப்போது ஏழாம் வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். தாளாளர் அவர்களே, நெளிய வேண்டாம். சொல்லாமல் இறங்க மாட்டேன்.

உங்கள் மகளும் தையல்காரர் மகளும் எப்போதும் சேர்ந்தே திரிவார்கள். நகமும் சதையும் என்று நாங்கள் மெச்சினோம். ஆண்டு மலர் அட்டைக்கு இருவரையும் தோளில் கை போட வைத்துப் படம் எடுத்தோம். கீழே ‘நட்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டோம். அந்தப் படம் இன்னமும் வாசலில் தொங்குகிறது. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளைகூட அந்த இரண்டு பொத்தான்களையும் சேர்த்து வைக்கவில்லை! ஒரு பையன் சொன்னான்: “அவங்க ஃப்ரெண்ட்ஸ் இல்ல டீச்சர். அவ பையை இவ தூக்குவா, அவ்வளவுதான்.” ஒரு பெண் சொன்னாள்: “அவ சிரிச்சா இவ சிரிப்பா. இவ சிரிச்சு அவ சிரிச்சதை நான் பார்த்ததே இல்ல.” பன்னிரண்டு வயதுக் கண்ணுக்குத் தெரிந்தது, பட்டம் வாங்கிய எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

டீச்சர் என்ன பெரிய குற்றம் செய்துவிட்டார்? சத்தம் போடாமல் இருவரையும் வேறு வேறு பெஞ்சில் மாற்றினார். அவ்வளவுதான். மறுநாள் அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. நான் சாவி வாங்கப் போய் வாசலில் நின்றேன், காதால் கேட்டேன். “என் பொண்ணோட ஃப்ரெண்ட்ஷிப்பைப் பிரிக்க நீங்க யாரு?” என்று கேட்டீர்கள். அவர் குரல் உயரவே இல்லை. “அது ஃப்ரெண்ட்ஷிப்பான்னு பாப்பாகிட்டயே கேளுங்க சார். அவளும் குழந்தைதான். பயந்து சிரிக்கிறவ இல்லாம, நிஜமா ஒரு ஃப்ரெண்டு அவளுக்கும் வேணும்” என்றார். உங்கள் மகளுக்காகவும் பேசிய ஒரே ஆள் அவர்தான்! அவருக்கு என்ன கிடைத்தது? பிள்ளைகளைப் புறம் பேச வைக்கிறார் என்று பழி. வகுப்பு ஆசிரியர் பொறுப்பைப் பிடுங்கி, நூலகத்தில் தூசி தட்ட அனுப்பினீர்கள். தலைமை ஆசிரியை அவர்களே, நீங்கள் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் அறையில் அவரோடு பேசினால் நமக்கும் ஆபத்து என்று எல்லாரும் ஒதுங்கினீர்கள். பிள்ளைகள் டூ விட்டால் மறுநாள் பழம் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அவர் சாகும்வரை டூ விட்டீர்கள்.

அந்தத் தையல்காரர் மகளை மறுபடியும் அதே பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். கோள்மூட்டி என்று வகுப்பே அவளோடு பேச்சை நிறுத்தியது. அவள் வாயே திறக்காதவள், அவளா கோள் மூட்டினாள்? அரையாண்டுத் தேர்வோடு பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பி பிரிவுக்கு மாற்றுங்கள் என்று தையல்காரர் வந்து கெஞ்சினார். “நல்ல ஃப்ரெண்ட்ஸைப் பிரிக்கிறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம்” என்று பதில் சொன்னீர்கள். வயிறு எரிகிறது, ஐயா! பேசும்போதே எரிகிறது.

ஆஸ்பத்திரியில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசியது தன் உடம்பைப் பற்றி இல்லை. “சார், பி பிரிவுல சைக்கிள் கடைக்காரர் பொண்ணு இருக்கா. அதிகமா பேச மாட்டா. புதுசா யாராவது வந்தா நகர்ந்து இடம் கொடுப்பா. இந்தப் பிள்ளையை அவ பக்கத்துல போடச் சொல்லுங்க. ஒரு மாசத்துல சரியாயிடுவா” என்றார். நான் தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். “பார்க்கலாம்” என்றார்கள். பார்த்தீர்களா?

பார்த்தீர்கள், வேறு விதமாக. இன்று காலை தையல்காரர் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். “அஞ்சலிக்கு உங்க பொண்ணை அனுப்புங்க. ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து மலர்வளையம் வச்சா படம் நல்லா வரும்” என்று! செத்தும் அந்த மனுஷியை விடவில்லையே நீங்கள்! சிறுமி வர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாளாம். அவள் அப்பா வந்திருக்கிறார். அதோ, கடைசி வரிசைக்குப் பின்னால், நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் நிற்கிறார்.

‘குழந்தைகளின் தோழியே, உன் பணி தொடரும்’ என்று பெரிய துணியில் எழுதி என் தலைக்கு மேல் கட்டியிருக்கிறீர்கள். எப்படித் தொடரும்? யார் தொடர்வார்கள்? துணியா தொடரும்? நான் தொடர்கிறேன். நாளைக் காலை முதல் பாடவேளையில் ஏழாம் வகுப்புக்குள் போவேன். யாரோட யாரு என்று கேட்பேன். எனக்கு அவரைப் போல நைச்சியமாகக் கேட்க வராது, தப்பும் தவறுமாகத்தான் கேட்பேன். பிள்ளைகள் என்னைத் திருத்துவார்கள். அதற்காக என்னையும் நூலகத்துக்கு அனுப்புவதானால் அனுப்புங்கள், தூசி தட்டத் தெரியும். சக ஆசிரியர்களே, சற்று முன் அழுதீர்களே, அது நிஜம் என்றால் நாளைக்கு என்னோடு வாருங்கள்.

அடுத்தது மௌன அஞ்சலி என்கிறார்கள். எல்லாரும் எழுந்து நிற்க வேண்டுமாம். அவர் உயிரோடு இருந்தபோது மாதக்கணக்கில் மௌனமாகத்தானே இருந்தோம், இன்னும் எதற்கு? தாளாளர் அவர்களே, அந்தச் சிறுமிக்குத் திங்கட்கிழமை பி பிரிவில் இடம் உண்டா, இல்லையா? இந்த ஒலிபெருக்கியிலேயே, அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை நான் எழுந்து நிற்க மாட்டேன். இதோ, உங்கள் மேடைப் படியிலேயே உட்காருகிறேன்.