இராக்கம்மா அமர்ந்த நாற்காலி

இந்தப் பெற்றோர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் இராமையா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரிய கங்காணி ஐயா அவர்களே, மடுல்சீமை மலைமுகட்டிலே மேகத்துக்கு முன்னே விழித்து, பனிக்கு முன்னே நடந்து, தேயிலைக் கொழுந்துக் கூடையோடு குடும்பத்தையும் சுமக்கும் தாய்மார்களே! காமிலா டீச்சரின் கனிந்த வணக்கம். நேற்று வெகுநேரம் விழித்து எழுதிய பேச்சு இது. கோர்வை பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பிலே ஒரு நாற்காலி வெறுமையாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஐந்தாம் வகுப்புப் பாடத்திலே ஒரு படம். மலையிலே ஒரு தாய். கீழே ஒரு வரி: ‘அவள் மகிழ்ந்து கொழுந்து பறிக்கிறாள்.’ மகிழ்ந்தா? அவளை யார் கேட்டார்கள்? எந்த ஏடு கேட்டது? நாங்கள் கேட்டோம். ஒரு பிள்ளை அந்தத் தாயாக நாற்காலியில் அமர வேண்டும். மற்றவர்கள் கேட்கக் கேட்க, அவள் மனத்தில் ஓடுவதைச் சொல்ல வேண்டும். கேலியல்ல அது, பிறர் நெஞ்சுக்குள்ளே போய்வரும் பாடம்.

வந்து அமர்ந்தாள் இராக்கம்மா, வகுப்பிலே வாய் திறவாத பிள்ளை. இடுப்பிலே சாக்கைக் கட்டினாள். தலையிலே கூடையை மாட்டினாள். “ஏய், விடிஞ்சு போச்சு, இன்னும் என்னாடி ஒறக்கம்?” என்று ஓர் அதட்டல்! வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இதோ, நீங்களும் சிரிக்கிறீர்கள்!

அந்தச் சிரிப்புத்தான் உங்கள் லயத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே அவள் தாய் கருப்பம்மா வந்து நின்றார். “படிக்க அனுப்புனா, என்னய மாதிரி ஆட வச்சு எம்மானத்த வாங்குறீங்களா டீச்சர்? இனி அவ வரமாட்டா!” மூன்று வாரமாயிற்று. அவள் வரவில்லை.

கருப்பம்மா அக்கா, கடைசி வரிசையிலே இருக்கிறீர்கள். எழுந்து போய்விடாதீர்கள். நாங்கள் சிரித்த சேதி வந்தது. சிரிப்பு நின்ற சேதி உங்களுக்கு வரவில்லையே!

அழகர் என்ற மாணவன் கேட்டான்: “மலையில நிக்கிறப்ப என்னாம்மா நெனப்பீங்க?”

கூடைக் கயிற்றைப் பிடித்தபடி அவள் சொன்னாள்: “பிள்ளைக்காம்பராவுல, ஆயாகிட்ட கைக்கொழந்தைய விட்டுட்டு வந்திருக்கேன். எந்தப் பிள்ள அழுதாலும் எம்பிள்ளையாட்டமே கேக்குது. எறங்கி ஓடுனா கங்காணி ஏசுவாரு.”

கங்காணி ஐயா, தலை குனியாதீர்கள்; பிள்ளை வாய்ப் பேச்சு!

அவனே மறுபடி கேட்டான்: “அப்ப மூத்த மகள ஏன் ஏசுறீங்க?”

“கோவத்துல இல்ல. ஏசலைன்னா நேரமாயிரும். ராத்திரி அவ ஒறங்குன பொறவு தலையத் தடவிக் குடுப்பேன். அவளுக்குத் தெரியாது.”

அவளுக்குத் தெரியாதா, அக்கா? தெரியாமலா சொன்னாள்?

சிரித்த பிள்ளைகள் அவளருகே நகர்ந்து வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எட்டு மாத மகனைப் பதுளையிலே தங்கை ஜெஸீமாவிடம் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்காக வாரமெல்லாம் ஏங்குகிறவள் நான். எங்கே பிள்ளை அழுதாலும் எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. எவரிடமும் நான் சொல்லாததை உங்கள் மகள் சொல்லிவிட்டாள். மலையிலே நீங்கள் ஏங்க, லயத்திலே அவள் ஏங்க, பள்ளியிலே நான் ஏங்க, இத்தனை ஏக்கமும் ஓர் அன்புச் சொல்லுக்காகத்தானே? அந்தச் சொல்லை அவள் உங்கள் வாயாகச் சொன்னாள். அது உங்கள் மானத்தை வாங்கியதா? இல்லை, வளர்த்தது!

அந்த நாற்காலியில் வேறு பிள்ளையை நான் அமர்த்தவில்லை.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றியும் வணக்கமும். கருப்பம்மா அக்கா, இராக்கம்மா வருவாளா? திங்கட்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லி அனுப்புங்கள்.