இரண்டாவது திங்கட்கிழமை

பணி நிறைவு பெறும் எங்கள் மையத் தலைவி அவர்களுக்குப் பணியாளர்கள் அன்போடும் கொஞ்சம் அச்சத்தோடும் வாசித்தளிக்கும் மடல்

படிப்பில்லாதவர்க்குப் பயிற்சியும், பயிற்சி பெற்றவர்க்குப் பணியும், பணி பெற்றவர்க்குத் துணிவும் தந்த தலைவியே! வாசலில் தயங்கி நின்றவரை வாசல்வரை வந்து அழைத்த வாஞ்சையே! இந்த வாழ்வாதார மையத்தின் மூன்று அறைகளையும் முப்பது படிகளையும் இருபத்தெட்டு ஆண்டுகள் முழங்கால் வலியோடு ஆண்ட முதல்வியே!

இத்தோடு அடைமொழிகளை நிறுத்திக்கொள்கிறோம். இதற்கு மேல் போனால் எழுந்துவந்து மடலைப் பிடுங்கிவிடுவீர்கள் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும்.

தையல், மின்பணி, முதியோர் பராமரிப்பு என்று எத்தனையோ பயிற்சிகளை நடத்தினீர்கள். ஆனால் உங்கள் திறமை முழுவதும் அந்த முன்மேசையில்தான் இருந்தது. விண்ணப்பத்தில் ‘அனுபவம்’ என்ற இடத்தைக் காலியாக விட்டு வந்த அம்மாவிடம், “வீட்டுல எத்தனை பேருக்குச் சமைக்கிறீங்க?” என்று கேட்பீர்கள். “ஒன்பது பேருக்கு” என்பார். “அப்போ அதை எழுதுங்க. அது அனுபவம் இல்லாம வேற என்ன?” என்பீர்கள். எழுதும்போதே அவர் நிமிர்ந்து உட்காருவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

புது வேலையை யாரும் முதல் வாரத்தில் விடுவதில்லை, அந்த வாரம் புதுச் செருப்பின் மிடுக்கிலேயே ஓடிவிடும், இரண்டாவது திங்கட்கிழமை காலையில்தான் கால் எழாது என்பது உங்கள் கண்டுபிடிப்பு. ஆகவே வேலையில் சேர்ந்த ஒவ்வொருவரையும் அன்று காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பீர்கள். “நல்லா இருக்கேன் மேடம்” என்ற பதிலை ஒருநாளும் ஏற்றதில்லை. “அது கிடக்கட்டும், கிளம்பிட்டீங்களா?” என்பீர்கள்.

இம்மடலை எழுதும் பொறுப்பு கோப்புப் பிரிவுக்கு வந்தது. கோப்புப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். எனவே என் குற்றத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், மகளின் பிரசவத்துக்காக நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள். ஆண்டறிக்கை அழகாக இருக்கட்டுமே என்று, வேலை உத்தரவு வந்த கோப்புகளில் எல்லாம் ‘முடிந்தது’ என்று முத்திரை குத்தி அலமாரியில் அடுக்கினேன். அடுக்கிய கோப்பை எடுத்துப் பார்த்து யார் அழைப்பார்? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்தத் திங்கட்கிழமை அழைப்பு போகவில்லை. அவரும் வேலைக்குப் போகவில்லை.

திரும்பி வந்ததும் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். “அது முடிஞ்ச கோப்பு மேடம்” என்றேன். “யாருக்கு முடிஞ்சுது? நமக்கா, அவங்களுக்கா?” என்றீர்கள்.

என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனீர்கள். வெள்ளை அங்கிகளோடு ஒரு சிவப்புத் துண்டையும் இயந்திரத்தில் போட்டுவிட்டாராம். நாற்பது அங்கிகளும் இளஞ்சிவப்பாகிவிட்டன. “திட்டினாங்களா?” என்று கேட்டீர்கள். “திட்டல மேடம். திட்டியிருந்தாப் போயிருப்பேன்” என்று அழுதார். அவரை நீங்களே சலவைக்கூடத்துக்கு அழைத்துப்போனீர்கள். மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். “அதையெல்லாம் குழந்தைங்க பிரிவுக்கு அனுப்பிட்டோம். இன்னும் இருக்கான்னு கேக்குறாங்க. எங்கம்மா போனே நீ?” என்றார்.

அந்தப் பெண்தான் இன்று அச்சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர். நம் மையத்தில் பயின்ற பதினான்கு பேர் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். முன்வரிசையில் இளஞ்சிவப்புப் புடவையில் உட்கார்ந்திருப்பவர் அவரே. புடவையைத் திட்டமிட்டுத்தான் உடுத்தியிருக்கிறார்.

நீங்கள் போனபின் திங்கட்கிழமைகளில் யார் அழைப்பது என்று ஒரு மாதமாகத் தவித்தோம். ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு சாக்கு. அப்படியே விட்டிருந்தால் அந்த வழக்கம் உங்களோடு போயிருக்கும். சென்ற வாரம் இந்தச் சலவைக்கூட மேற்பார்வையாளரே வந்து, “திங்கள் எனக்கு வார விடுமுறை. ஃபோன் பக்கத்துல நான் உட்கார்றேன். அந்த ஃபோன் வராத காலையை நான் பாத்திருக்கேன்” என்றார். அன்றுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

நோயின்றி நீடு வாழுங்கள். முழங்காலுக்கு மருந்து போடுங்கள். பேரப்பிள்ளைகளையாவது விண்ணப்பம் எழுத வைக்காமல் இருங்கள். உங்களை நாங்கள் மிகவும் நேசிக்கிறோம். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அன்று என்னிடமிருந்து வாங்கிப் பூட்டி வைத்த ‘முடிந்தது’ முத்திரையை, இரண்டாவது திங்கட்கிழமையைத் தாண்டிய கோப்புக்கு மட்டுமே எடுத்துத் தந்தீர்கள். இன்று காலை அதை என்னிடமே ஒப்படைத்தீர்கள். உங்கள் பணிக்கோப்பும் என் மேசைக்கு வந்துவிட்டது. அதில் நான் முத்திரை குத்தவில்லை.

வரும் திங்கள் நன்றாகத் தூங்குங்கள். அதற்கடுத்த திங்கள் காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும். ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

என்றும் உங்கள் அழைப்புக்குக் கிளம்பி நிற்கும்,
மையப் பணியாளர்கள்