உழக்கினால் பாடும் குரல்

உரும்பிராய்க் கூட்டுறவுச் சங்கக்கடையின் மண்ணெண்ணெய் வரிசையில் எனக்கு முன்னே நின்ற பெண், தன் அயலவளிடம் சொன்னார்:

"நேற்று என்ரை மனுசன் பொம்பிளைக் குரலிலை தேவாரம் பாடினவர்."

கணவர் இறந்து ஓராண்டு நிறையவில்லை என்பது அவர்களது பேச்சில் தெரிந்தது. போரினால் மின்சாரமும் பற்றரியும் அற்றிருந்த அந்நாள்களில், நிறுத்திய சைக்கிளின் மிதியை உழக்கி, அதன் டைனமோவினால் கசற் போடும் ரேப்றெக்கோடரை இயக்குவோம்.

"வேகமாய் உழக்கியிருப்பியள், அக்கா."

"மெல்ல உழக்கினால் பூதம் மாதிரியெல்லோ பாடுறார்."

"அது என்ன கசற்? அறுபது நிமிசமோ, தொண்ணூறோ?"

"நூற்றிருபது. கனநேரம் பாடலாமெண்டு அவர்தான் வாங்கினவர்."

"ஐயோ, அதின்ரை நாடா சரியான மெல்லிசு. அறுந்துபோகும். வேறை கசற்றிலை பதிஞ்சு வையுங்கோ."

"அதுக்கு இன்னொரு றெக்கோடரும் சைக்கிளும் வேணும், பிள்ளை. வீட்டிலை நான் ஒருத்திதானே. நாடா அறமுதல் ஒருக்கால் ஆறுதலாய் இருந்து கேட்டால் எனக்குக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம். நான் உழக்கேக்கை செயின் சத்தம்தான் கேக்குது. நிப்பாட்டினால் அவரும் நிண்டிடுவார்."

வரிசை சற்று நகர்ந்தது. இருவரும் தத்தம் கலன்களைக் காலால் முன்னே தள்ளினார்கள்.

"பின்னேரம் வாறன். நான் உழக்கிறன், நீங்கள் கிட்ட இருந்து கேளுங்கோ."

"கால் உளையுமடி."

"உளையட்டும். மனுசன் ஆம்பிளைக் குரலிலை பாடினால் சரி."

இருவரும் சிரித்தார்கள். பின்பு மூத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"தேவாரம் முடிஞ்ச உடனை விட்டிடாதை. அதுக்குப் பிறகு, 'இஞ்சாரும், காணும், நிப்பாட்டும்' எண்டு, பதிஞ்சுகொண்டிருந்த என்னட்டைச் சொல்லுவார். அதுமட்டும் உழக்கு."