சாவதற்கு ஒரு சேனல்

கன்னியாகுமரி போகும் பஸ்ஸில், காலி மீன் சருவப் பாத்திரத்தை மடியில் வைத்திருந்தவள் பக்கத்துத் தோழியிடம் சொன்னாள்:

“ஊர் சேனல நிறுத்தினா நான் சாவமாட்டேன்னு கூட்டத்துல சொல்லிட்டேன்.”

“எந்தக் கூட்டம்?”

“புது கேபிள்காரனுக்கு லைசென்ஸ் குடுக்க கருத்து கேட்டாவல்லா. அவன் நம்ம ஊர் சேனலத் தரமாட்டானாம்.”

“அதுக்கும் சாவுக்கும் என்னட்டி?”

“மரண அறிவிப்பு அதுலதான வருது? ‘போன்ல போடுங்கம்மா’ன்னான். போன்ல போட்டா எனக்குத் தெரிஞ்ச ஆளுக்குப் போவும். அஞ்சுகிராமம் வரைக்கும் மீன் விக்கேன், என்னத் தெரிஞ்ச ஆளுக்கெல்லாம் எப்பிடிப் போவும்னு கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“தண்ணி எடுத்துக் குடிச்சான்.”

“அப்போ சேனல் இருக்குமா?”

இறங்குவதற்கு எழுந்தவள் சருவத்தை இடுப்பில் வைத்தாள்.

“இருக்கும் மக்கா. அதுல போட பட்டுச்சேலை கட்டி போட்டோவே எடுத்தாச்சு.”