நேத்து வந்த கோவம்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற மத்தியான பஸ். மீன் விற்றுவிட்டுக் காலி அன்னக்கூடையோடு திரும்பிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். வேறு வேறு குப்பம் போல. சன்னலோரம் இருந்த இளையவள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் போனை மடியில் வைத்தேன்.

"நேத்து வந்த கோவம் இன்னிக்கு வரலியேன்னு கேட்டான்க்கா அந்த டிவிக்காரன்."

"எவன்டி?"

"போன வாரம் எங்க குப்பத்த கடல் அரிக்கிறத படம் புடிக்க வந்தவன். அலைய தடுக்க கல்லு கொட்ட ஆளு இல்லன்னு கவர்மெண்ட நல்லா திட்டினேன். மறுநாளும் வந்து, அதே பொடவய கட்டிகினு இன்னொரு வாட்டி திட்டுன்றான்."

"நீயும் திட்டின?"

"மூணு வாட்டி."

"அதான பாத்தேன். எம் பொண்ணு காலேஜ்ல ஒரு பழைய இங்கிலீஷ் படம் போட்டாங்களாம். ஒருத்தன் கோவப்படறத காட்டிக் காட்டியே டிவிக்காரங்க பொழைக்கிற கதையாம். அவ சொன்னதுலேர்ந்து டிவில எவ அழுதாலும் நான் நம்பறதில்ல."

இளையவள் காலிக் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"முந்தாநாள் காலைல அலை எங்க வூட்டுக்குள்ளயே வந்துடுச்சுக்கா. அரிசி மூட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. தெருவுல நின்னு கத்துறேன், தூக்கிவெக்க ஒருத்தரும் வரல. எதிர்வூட்டுக்காரி தலைய நீட்டி, கேமரா எங்க நிக்குதுன்னு பாக்குறா."

மூத்தவள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"ஏண்டி, அலை நெசமாலுமே வந்துச்சா?"